சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்)



2024 செப்டம்பர் 5 அன்று நம் பள்ளியில் நடந்த ஆசிரியர் தின விழா உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. விழாவில் கும்மி ஆடுவதற்காக மூன்று வாரம் பள்ளி விட்ட பிறகு நின்று பழகினோம். விழா அன்று ஆசிரியைகள் அனைவரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் நாங்கள் கொடுத்த ரோஜாப்பூ. கும்மி பாதிகூட முடிந்திருக்காது, எங்கள் அறிவியல் ஆசிரியை உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார். தலை மெல்லச் சாய்ந்து பக்கத்தில் இருந்த தமிழாசிரியையின் தோளில் விழுந்தது. பூ மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்களுக்கோ ஆத்திரம். “நாம் ஆடியது கும்மியா, தாலாட்டா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். மறுநாள் முழுவதும் அந்த ஆசிரியையின் முகத்தைப் பாராமலே பாடம் கேட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்த உறக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அவர் இராமநாதபுரத்திலிருந்து வருகிறவர். அங்கிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ரயிலை விட்டால் இந்தத் தீவுக்குப் படகுதான் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6 அன்று. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல், தீவுக்கு வேலைக்கு வந்துபோகும் அனைவருக்கும் பஸ்தான் கதி. சுற்றுலா வருவோர் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுக்கும் அழகை நீங்களே அறிவீர்கள். தமக்குப் பின்னால் நிற்கும் பஸ்ஸில் ஓர் ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறார் என்று அவர்களில் ஒருவராவது எண்ணியிருப்பாரா? நாலு மணிக்கு எழுந்து, வீட்டில் உள்ளவர்களுக்குக் காலைக்கும் மதியத்துக்கும் சமைத்து வைத்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து, காலை ஜெபத்துக்கு மணி அடிக்கும் முன் வரிசையில் நிற்கிறவருக்கு, மூன்று மணி வெயிலில் ஒரு நாற்காலி கிடைத்தால் உறக்கம் வராமல் என்ன செய்யும்?

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்து நடந்தது அப்படிப்பட்டதன்று.

அதே ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை சென்ற விசைப்படகை இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். இக்கரையில் இது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அறிவியல் பாடவேளையில் செய்முறைக் குறிப்பேடு அவளிடம் இல்லை. “உனக்குப் படிப்பில் அக்கறையே கிடையாது” என்று ஆசிரியை கடிந்து, மணி அடிக்கும்வரை அவளை நிற்க வைத்தார். அவள் அழக்கூட இல்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே குழாயடிக்குக் கொண்டுபோனாள். அதைக் கண்டவர் எங்கள் ஆயா அம்மா. “ஏம்மா, திறக்காத டப்பாவ எதுக்குக் கழுவுற?” என்று கேட்டார். அவ்வளவுதான், ஆயா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் தலைமையாசிரியைச் சகோதரியிடம் போய்ச் சொன்ன பிறகே எங்களுக்கும் விஷயம் தெரிந்தது.

அன்று மாலை அறிவியல் ஆசிரியை வகுப்புக்கு வந்தார். எங்கள் எல்லார் முன்பாகவும் அவளிடம், “என்னை மன்னிச்சிரும்மா, காலையில நான் உன் முகத்தையே பார்க்கல” என்றார். ஆசிரியை ஒருவர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு நாங்கள் அதுவரை கண்டதில்லை. அப்படிக் கேட்கத் தெரிந்தவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். ஆனால் அன்று அவருக்கு அது தொடர்ந்து நான்காவது வகுப்பு. வராத இருவருக்குப் பதிலாகவும் அவரையே அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர். அத்தனை முகங்களில் வாடியிருந்த ஒரு முகத்தைத் தேடிப் பார்க்க அவரிடம் பலம் மிச்சம் இல்லை.

நாங்கள் சொல்ல வந்தது இதுவே. களைத்துப்போன ஆசிரியைக்குப் பாடம் மறப்பதில்லை, பிள்ளைகளின் முகங்களே மறந்துபோகின்றன. பாடத்தையாவது புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். எங்கள் கரையில் ஒரு பெண் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போவதும், நின்றுவிட்டு நண்டு கம்பெனி வேலைக்குப் போவதும், பல சமயம் பெரியவர் ஒருவர் தக்க தருணத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறாரா என்பதில் இருக்கிறது. ஆகவே ஆசிரியைகளுக்கு ஓய்வு உண்டா, உட்கார இடம் உண்டா என்பது அவர்கள் சொந்த விஷயம் அன்று. அதில் எங்கள் பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

இந்த இராமேசுவரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் கோபிக்கவில்லை. அன்று மாலையே எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார். தம் வாழ்க்கைக்கே அப்பாடம் இலக்குக் கொடுத்தது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிகளில் நாமும் இதைச் சொல்லிப் பரிசு வாங்குகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க மறக்கிறோம். ‘புரியவில்லை’ என்ற சொல்லைக் கேட்டுக் கோபம் வராத மனநிலையும், மாலை வேளையில் கடற்கரைக்கு நடக்கிற தெம்பும் அந்த ஆசிரியரிடம் மிச்சம் இருந்தன. இன்று எங்கள் ஆசிரியைக்கு மாலையில் என்ன இருக்கிறது? எமிஸ் செயலியில் நிரப்ப வேண்டிய விவரங்கள், திருத்த வேண்டிய தாள்கள், பிடிக்க வேண்டிய பஸ். கடல் இங்கேதான் இருக்கிறது, பறவைகளும் இருக்கின்றன.

அந்த ஆண்டு நவம்பரில் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அம்மாதத்தின் வேறொரு மழை நாளில், வீட்டார் வந்து அழைத்துப்போகும்வரை எங்களில் சிலர் ஆறரை மணிவரை பள்ளியில் காத்திருந்தோம். வகுப்பறை ஒழுகியதால் ஆசிரியைகள் தங்கள் அறைக்குள் எங்களை அழைத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டாக நோட்டுக் கட்டுகளோடு அந்த வாசலில் நின்றிருக்கிறோமே தவிர, உள்ளே போனது அன்றுதான். அறையில் பாதிக்கு மேல் பழைய விடைத்தாள் மூட்டைகள், கால் உடைந்த பெஞ்சுகள், ஆண்டு விழாவுக்குச் செய்த காகித மலை. மீதி இடத்தில் பத்தொன்பது பேருக்குப் பதினொரு நாற்காலிகள். ஒரே ஒரு மின்விசிறி, அது விடைத்தாள் மூட்டைகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது! கழிப்பறையோ மைதானத்தின் கோடியில். அதனாலேயே பலர் காலையில் வந்தால் மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டோம். 2025-இல் தமிழகப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே ‘வாட்டர் பெல்’ அடிக்க உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. மணி அடிக்கிறது, நாங்கள் குடிக்கிறோம். “எல்லாரும் குடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

இதையெல்லாம் பள்ளி மலரில் எழுதலாமா என்று தயங்கினோம். தலைமையாசிரியைச் சகோதரியே “எழுதுங்கள், உள்ளதைத்தானே எழுதுகிறீர்கள்” என்றதால் எழுதுகிறோம்.

வேலையில் தவறு செய்தவரை ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று தமிழ்நாட்டில் மிரட்டுவார்கள். அந்தக் காடு நம் மாவட்டம்தான் என்று சினிமாவில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்கும்போது நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் எங்கள் அண்டை வீட்டுத் தோழிகள் ஒன்று சொல்கிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் உப்புத் தண்ணீரோடு போராடும் ஆசிரியர்கள், மாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்று நாள் எண்ணுகிறார்களாம். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை போடும் முன், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் தடதடக்கும் வேனில்தான் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். அங்கே மீனவப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போன ஆசிரியர்களும் அப்படித்தான் போய் வந்தார்கள். ‘தியாகிகள்’ என்று அவர்களைப் புகழ்வது எளிது. ஒரு ஆசிரியர் தியாகியாக இருந்தால்தான் ஒரு பள்ளி நடக்கும் என்றால் பிழை எங்கோ வேறிடத்தில் இருக்கிறது என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

“ஆசிரியர் வேலைக்கு என்ன குறை? மே மாதம் முழுக்க லீவு, மாதம் பிறந்தால் சம்பளம்” என்று எங்கள் வீடுகளிலேயே பேசுகிறார்கள். முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். எல்லா ஆசிரியரும் செழிப்பாக இருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதையும் எண்ணட்டும்.

லீவைப் பற்றிச் சொல்ல நம் தந்தைமாரே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், வர்ணம் அடிக்கிறார்கள், இஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள், வேப்ப மர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுகிறார்கள். சும்மா இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள்! தடைக்காலம் இல்லாத நாட்களிலும் கரைக்கு வந்ததும் வலையை உதறிப் பார்க்காமல் மறுபடி கடலுக்குப் போகிறவர் உண்டா? படகுக்கும் வலைக்கும் உள்ள இந்த மரியாதை, நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு ஏன் இல்லை?

இது நம் ஊரின் தொல்லை மட்டும் அன்று. ஓ.இ.சி.டி. அமைப்பு 2018-இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், ஜப்பானில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரிந்தது. மற்ற நாடுகளையும் சேர்த்த சராசரி 38 மணியைச் சற்றே தாண்டியது. வியப்பு என்னவென்றால், அந்த 56-இல் பாடம் நடத்தியது 18 மணி நேரந்தான். மீதியெல்லாம் விளையாட்டுக் குழுக்கள், எழுத்து வேலை, கூட்டம். 2019-இல் அந்நாட்டு அரசு, மிகைநேர வேலை மாதம் 45 மணியைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டுதல் வகுத்தது. நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்தே இருந்திருக்கிறது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் மாநிலம் எப்போதோ கண்டுகொண்டது. காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்தது. சோற்றுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பாட்டிமார் வாயில் அடிக்கடி வருகிற பழமொழிதான் இக்கட்டுரையின் தலைப்பு. பிள்ளையின் வயிற்றைப் பார்த்தாயிற்று. அகப்பை பிடிக்கிறவர்களை எப்போது பார்க்கப்போகிறோம்?

அகப்பை என்றதும் அதை உண்மையிலேயே பிடிக்கும் சமையல் அக்காமார் நினைவுக்கு வருகிறார்கள். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பள்ளி அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். எங்கள் ஆயா அம்மாவோ பதினான்கு வகுப்பறைகளைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி. எங்கள் தோழியின் முகத்தை முதலில் பார்த்தவர் அவர் என்றால், அவர் முகத்தைப் பார்க்கிறவர் யார்? இரவுக் காவல்காரத் தாத்தா, விடுதியில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விடிய விடிய ஈரத்துணி மாற்றும் சகோதரிமார் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

பிறர் குறையையே எழுதினோம், எங்கள் குறையையும் எழுத வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு பதினொரு மணிக்கு “மிஸ், அஞ்சாவது கணக்கு வரலை” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் நாங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் கேள்விக்குறி ஒன்றையும் அனுப்பியவர்கள் நாங்களே. எங்கள் தாய்மாரும் சளைத்தவர்கள் அல்லர். வகுப்புக் குழுவில் இரவு பத்து மணிக்கு, “என் மகளின் நீல ரிப்பன் யாரிடம் இருக்கிறது?” என்று ஆசிரியையை விசாரிக்கிறார்கள்! இரவு எட்டு மணிக்கு மேல் ஆசிரியைக்குச் செய்தி அனுப்புவதில்லை என்று இவ்வாண்டு ஜூன் மாதம் எங்கள் வகுப்பில் தீர்மானம் போட்டோம். இருமுறை மீறினோம். இரண்டும் காலாண்டுத் தேர்வின்போது.

ரோஜாப்பூ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு செய்தி. ஆசிரியர் தினம் நம் நாட்டில் தொடங்கிய அதே 1962-ஆம் ஆண்டில், இன்னலில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்களை நம்பியிருப்போருக்கும் உதவுவதற்காக ஆசிரியர் நலத் தேசிய நிதியமும் தொடங்கப்பட்டது. பூவும் நிதியமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. பூவை எல்லாப் பள்ளிகளும் வைத்துக்கொண்டன. நிதியத்தின் பெயரை நாங்கள் இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் முதன்முதலாக அறிந்தோம்.

நாங்கள் கேட்பது பெரியதன்று. ஒவ்வொரு ஆசிரியைக்கும் நாளுக்கு ஒரு பாடவேளையாவது, வேறு வகுப்புக்கு அனுப்பாமல், அவருக்கே விட வேண்டும். அந்த நேரத்தில் அவர் தாள் திருத்தட்டும், தேநீர் குடிக்கட்டும், கண்ணை மூடிக்கொள்ளட்டும், கணக்குக் கேட்க வேண்டாம். பக்கத்திலேயே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். ஆயா அம்மாவும் உட்கார்ந்து உண்ண நாற்காலி வேண்டும். தனியாக ஒரு நாற்காலி அன்று, அதே அறையில். ஆசிரியை இல்லாத பாடவேளையில் நாங்கள் சத்தமில்லாமல் இருந்து படிப்போம் என்ற உறுதியை எங்கள் பங்காகக் கொடுக்கிறோம். இந்த வாக்கியத்தைப் படித்து ஒன்பதாம் வகுப்பினர் சிரிப்பார்கள் என்பது தெரியும்.

இக்கோரிக்கைகளில் ஒன்று பாதி நிறைவேறியிருக்கிறது. சகோதரியின் அனுமதியோடு, சென்ற ஆகஸ்டு மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் நாங்கள் அந்த அறையைக் காலி செய்தோம். விடைத்தாள் மூட்டைகள் எடைக்குப் போயின. காகித மலையை என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டை மாடிப் படிக்கட்டின் அடியில் வைத்திருக்கிறோம், ஆண்டு விழாவுக்கு வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தச்சு வேலை தெரிந்த தோழி ஒருத்தியின் சித்தப்பா நான்கு பெஞ்சுகளுக்குக் கால் போட்டுத் தந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். விசிறி இப்போது மனிதர்களுக்கு மேல் சுற்றுகிறது. மேற்குப் பக்கச் சன்னலில் மாலை வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது என்று அறிவியல் ஆசிரியை சொன்னார். அதற்காக நாலு மீட்டர் நீலத் துணி வாங்கித் தையல் வகுப்பில் திரை தைத்துக்கொண்டிருக்கிறோம். மடிப்பு மட்டும் கோணலாக வருவதால் இரண்டு முறை பிரித்தாயிற்று.